மண்ணைப் பார்த்துச் சொல்பவன் – நிலம் மதிப்பிடுவோரின் தொழில் நெறி: ஒரு வரலாற்றுப் பார்வை



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழுவிலிருந்து போன் வந்ததும், "ஹாஸ்டல் மெஸ் பத்தி எழுதட்டுமா?" என்றுதான் கேட்டேன். "அதை ஏற்கெனவே ஏழு பேர் எழுதியாச்சு. நீ உன் தொழிலைப் பத்தி எழுதுப்பா" என்று பதில் வந்தது. என் தொழில் மண் பரிசோதனை. ஒரு மனையில் கட்டடம் கட்டலாமா, கட்டினால் அஸ்திவாரம் எத்தனை ஆழம் போக வேண்டும் என்று பார்த்துச் சொல்வது. இதில் கவர்ச்சி ஒன்றும் கிடையாது. கட்டடம் எழும்பினால் திறப்பு விழாக் கல்வெட்டில் யார் யார் பெயரோ வரும். பூமிக்கடியில் பார்த்தவன் பெயர் வராது. ஆனால் கட்டடம் சாய்ந்தால் முதலில் தேடப்படுவது அவன் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்தான்!

அந்தக் கையெழுத்துக்கும் அதன் மேல் விழும் ரப்பர் ஸ்டாம்புக்கும் ஒரு வரலாறு உண்டு. பரீட்சைக்கு வராத பாடம் என்பதால் வகுப்பில் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்த வரையில் இங்கே எழுதுகிறேன்.

அளப்பது வேறு, சொல்வது வேறு

நம் நாட்டின் பொறியியல் கல்வியே நிலம் அளக்கும் கல்வியாகத்தான் ஆரம்பித்தது. 1794-இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802-இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலைதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணியாக விரிந்தது. சர்வே கேம்ப்பில் வெயிலில் செயினைப் பிடித்து நின்ற நாமெல்லாம் அந்தப் பரம்பரைதான்.

ஆனால் அளப்பது ஒன்று. "இந்த இடம் தாங்கும்" என்று சொல்வது வேறொன்று. அளவில் தப்பு வந்தால் இன்னொருவர் மறுபடி அளந்து கண்டுபிடித்துவிடலாம். மண் தாங்கும் என்று எழுதியது தப்பென்றால், மேலே பாரம் ஏறிய பிறகுதான் தெரியும். அதற்குள் அங்கே ஆட்கள் குடியேறியிருப்பார்கள். அதனால்தான் யார் சொல்லலாம், யாருக்காகச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

வயோமிங், 1907: யார் கையெழுத்து?

பொறியாளருக்கு லைசென்ஸ் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் முதன்முதலில் வந்தது நியூயார்க்கிலோ சிகாகோவிலோ அல்ல. ஜனத்தொகை மிகக் குறைந்த மேற்கு மாநிலமான வயோமிங்கில். காரணமும் பாலம் விழுந்ததோ கட்டடம் இடிந்ததோ அல்ல, நிலப் படம்தான்.

வறண்ட பூமி அது. ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். மனுவோடு நிலத்தின் படம், வாய்க்காலின் படம் எல்லாம் வைக்க வேண்டும். வந்த படங்களைப் பார்த்து மாநிலத் தலைமைப் பொறியாளர் கிளாரன்ஸ் ஜான்ஸ்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். வக்கீலும் நோட்டரியும் இன்னும் யார் யாரோவும் தாங்களே படம் வரைந்து, கீழே 'பொறியாளர்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவருடைய முயற்சியால் 1907-இல் சட்டம் வந்தது. பதிவு பெற்றவர்தான் பொறியாளர் என்றோ நில அளவையாளர் என்றோ கையெழுத்துப் போடலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதி சார்லஸ் பெல்லாமி என்பவர் முதல் லைசென்ஸைப் பெற்றார்.

தகுதியில்லாதவர்களைத் தடுத்தாயிற்று, சரி. தகுதியுள்ளவரே தவறினால்? அதற்குப் பதில் 21 ஆண்டுகள் கழித்து, பெரிய விலைக்கு வந்தது.

செயின்ட் பிரான்சிஸ் அணை, 1928: ஒருவர் சொன்னால் போதுமா?

வில்லியம் மல்ஹாலண்ட் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அயர்லாந்தில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வந்து, தண்ணீர் வாய்க்காலைச் சுத்தம் செய்யும் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர். இரவில் தானே புத்தகம் படித்துப் பொறியாளராக உயர்ந்தார். 1913-இல் 375 கிலோமீட்டர் தூரத்திலிருந்து அந்த நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் அவருடைய சாதனை. ஊரே அவரைக் கொண்டாடியது. அவர் சொன்னால் மறுபேச்சில்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

நகரத்துக்கு ஒரு வருஷத் தண்ணீரைச் சேமிக்க, சான் பிரான்சிஸ்கிட்டோ என்ற பள்ளத்தாக்கில் கான்கிரீட் அணை கட்டினார். 1924-இல் தொடங்கி 1926-இல் முடிந்தது. வேலை நடக்கும்போதே கூடுதல் தண்ணீர் தேவை என்று உயரத்தைப் பத்து அடி கூட்டினார்கள். பிறகு இன்னொரு பத்து அடி. அதற்கு ஏற்றாற்போல் அடிப்பாகத்தை அகலப்படுத்தவில்லை.

இடம் எப்படிப்பட்டது? கிழக்குக் கரையில் ஏடு ஏடாகப் பிரியும் பாறை; அதிலும் அது ஒரு பழைய மலைச்சரிவின் பகுதி என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. மேற்குக் கரையில் சிவப்புக் கூட்டுப்பாறை. காய்ந்திருக்கும்போது கெட்டி, தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் கரைந்து சேறாகிவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பிளவுக் கோடு. இதையெல்லாம் கண்டறிய அபூர்வக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கல்லையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்து மேற்குக் கரையைச் சோதித்திருக்கலாம். கிழக்குப் பாறை சரியக்கூடியது என்று கால்வாய் வேலையின்போது 1911 ஆண்டறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, தெரியாத சங்கதி அல்ல.

1928 மார்ச் 12 காலையில் அணைக் காவலாளி டோனி ஹார்னிஷ்ஃபெகர், புதுக் கசிவு ஒன்றில் கலங்கல் தண்ணீர் வருவதைப் பார்த்துப் போன் செய்தார். கலங்கல் வந்தால் அடிமண் அரிக்கிறது என்று அர்த்தம். மல்ஹாலண்ட் தன் உதவியாளரோடு வந்து பார்த்தார். கசியும் இடத்தில் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, கீழே புதிதாக வெட்டிய பாதையின் மண்ணில் பட்டுத்தான் கலங்குகிறது, பயமில்லை என்று முடிவு செய்து திரும்பிப் போனார். சுமார் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நள்ளிரவுக்கு மூன்று நிமிடம் முன்னால் அணை உடைந்தது. ஏறக்குறைய 4 கோடியே 70 லட்சம் கன மீட்டர் தண்ணீர் பள்ளத்தாக்கில் பாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த ஊர்களை வாரிக்கொண்டு, விடியற்காலையில் 87 கிலோமீட்டர் தாண்டிக் கடலில் கலந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காவலாளியும் அவருடைய சிறு மகனும் அதில் அடக்கம்.

விசாரணையில் மல்ஹாலண்ட் யார் தலையிலும் பழியைப் போடவில்லை. தவறு மனிதனுடையதென்றால் அந்த மனிதன் நான்தான் என்று ஏற்றுக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனால் விசாரணைக் குழு அதற்கு மேலே போய் ஒன்று சொன்னது: எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும், ஒரு பெரிய அணையின் கட்டுமானத்தையும் பராமரிப்பையும் ஒரே ஆளின் தீர்ப்புக்கு விட்டுவிடக் கூடாது. சொந்தப் பொறியியல் துறை வைத்திருந்த நகரங்களின் அணைகள் அதுவரை மாநில அரசின் மேற்பார்வைக்கு வெளியே இருந்தன. அதாவது கட்டுகிறவரே சரிபார்ப்பவர். 1929-இல் கலிபோர்னியா அந்த விலக்கை எடுத்தது. சிவில் பொறியாளர்களுக்கு லைசென்ஸ் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

வயோமிங் கேட்டது, "கையெழுத்துப் போட உனக்குத் தகுதி உண்டா?" கலிபோர்னியா கேட்டது, "உன்னைத் தட்டிக் கேட்க இன்னொருவர் உண்டா?"

வயான்ட், 1963: ரிப்போர்ட் யாருக்குச் சொந்தம்?

அடுத்த கதை இத்தாலியில். வயான்ட் அணை 261.6 மீட்டர் உயரம். கட்டியபோது அதன் வகையில் உலகிலேயே உயரமானது. அணையில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கிறது! பிரச்சினை, நீர்த்தேக்கத்தின் தென்கரையில் இருந்த டோக் மலை. அந்தப் பெயரையே, அழுகிப்போனது என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த மலையின் குணம் தெரியும். நம்ம ஊரில் 'தாங்கல்' என்று முடியும் இடத்தில் மனை வாங்கும்போது பெரியவர்கள் தயங்குவார்களே, அந்த மாதிரி.

அணையை வடிவமைத்தவர் கார்லோ செமென்சா. அவருடைய மகன் எடுவார்டோ செமென்சா புவியியலாளர். 1959-60-இல் மலையை நடந்து ஆராய்ந்த மகன், இது எப்போதோ சரிந்து வந்து தங்கிய பழைய மலைச்சரிவு, அடியில் நனைந்தால் மறுபடி நகரலாம் என்று அறிக்கை கொடுத்தார். அவர் கணித்த அளவு ஏறக்குறைய 20 கோடி கன மீட்டர். வேறு நிபுணர்கள் அவ்வளவு ஆழமான சரிவு இருக்காது என்றார்கள். 1960 நவம்பரில் ஒரு பகுதி சரிந்து விழுந்து, மலையில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் தெரிந்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

அப்போதாவது நிறுத்தினார்களா? இல்லை. மாடல் செய்து சரளைக் கல்லைச் சரியவிட்டுப் பார்த்தார்கள். நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டரில் இருந்தால் ஆபத்தில்லை என்று முடிவு வந்தது. மலை மெதுவாகத்தான் இறங்கும் என்ற நம்பிக்கையில், தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று எண்ணினார்கள். எச்சரித்து எழுதிய பத்திரிகையாளர் டீனா மெர்லின் மேல் வதந்தி பரப்பி மக்களைக் கலவரப்படுத்தியதாக வழக்குப் போட்டார்கள்; 1960-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

1963 அக்டோபர் 9 இரவு 10.39 மணி. நீர்மட்டம் ஏறக்குறைய அதே 700 மீட்டர். சுமார் 26 கோடி கன மீட்டர் மலை ஒரு நிமிடத்துக்குள் தண்ணீரில் இறங்கியது. எழும்பிய அலை அணையைத் தாண்டி, கீழே லாங்கரோன் ஊரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் துடைத்துவிட்டுப் போனது. இறந்தவர்கள் 1,900-க்கும் மேல்.

இதில் என்னை உறுத்துவது இதுதான். சரியான பதில் எழுத்தில் இருந்தது. அதுவும் வடிவமைத்தவரின் வீட்டிலிருந்தே வந்த பதில். ஆனால் கீழே ஊரில் தூங்கியவர்கள் கைக்கு அது போகவில்லை. ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுத்தவருக்கு அது சொந்தம். அது சொல்லும் ஆபத்து மட்டும் ஊராருக்குச் சொந்தம். இது என்ன நியாயம்?

அபர்ஃபான், 1966: கையெழுத்தே இல்லாத இடம்

வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கக் கழிவை மலைமேல் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். 1958-இல் தொடங்கிய ஏழாவது குவியலுக்கு இடம் பார்த்தவர்கள் சுரங்க மேலாளரும் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரும். நேரில் நடந்து பார்த்தார்கள், "இங்கே கொட்டலாம்" என்றார்கள், அவ்வளவுதான். துளை போடவில்லை, மண் எடுக்கவில்லை. அங்கே நீரூற்றுகள் இருப்பது அரசு வெளியிட்ட வரைபடத்திலேயே அச்சாகியிருந்தது. 1963-இல் உள்ளாட்சிப் பொறியாளர், பள்ளிக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று கடிதமே எழுதினார்.

1966 அக்டோபர் 21 காலை 9.15-க்கு, ஊறிப்போன குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். நடுவர் மன்றம் பழியைத் தேசிய நிலக்கரி வாரியத்தின் மேல் வைத்தது. கழிவுக் குவியல்களுக்கென்று 1969-இல் தனிச் சட்டம் வந்தது. இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. அச்சிட்ட படத்தை ஒருவர் விரித்துப் பார்த்திருந்தால் போதும்.

நெறி எப்படி மாறியது?

அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1914-இல் தன் முதல் நெறிமுறையை வெளியிட்டது. அதில் முதலிடம் வேலை கொடுத்தவருக்குத்தான். அவருக்கு நம்பிக்கையான முகவராக நடக்க வேண்டும், சக பொறியாளரின் வேலையைத் தட்டிப் பறிக்கக் கூடாது என்ற ரீதியில் போகும். பொதுமக்களின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் மேல் என்ற விதி முதலிடத்துக்கு வந்தது 1970-களில்தான். நடுவில் அறுபது ஆண்டுகள்! மேலே சொன்ன மூன்று விபத்துகளும் அந்த இடைவெளியில் நடந்தவை.

நம் நாட்டில்? கணக்காளருக்கு 1949-இலும் வக்கீலுக்கு 1961-இலும் ஆர்க்கிடெக்டுக்கு 1972-இலும் தனிச் சட்டங்கள் வந்துவிட்டன. பொறியாளருக்கு மட்டும் அப்படி நாடு முழுதுக்குமான சட்டம் பல பத்தாண்டுகள் பேச்சளவிலேயே இருந்தது. சொத்து மதிப்பீட்டாளர்களுக்கு முதலில் சொத்துவரிச் சட்டத்தின்கீழ் பதிவு இருந்தது. பிறகு 2013 கம்பெனிச் சட்டத்தின்கீழ் 2017-இல் புதிய விதிகள் வந்தன. அதோடு இணைத்த நடத்தை நெறியில், கேட்பவர் வசதிக்கேற்ப மதிப்புப் போட்டுத் தரக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுத வேண்டிய நிலைமை இருந்தது என்றுதானே அர்த்தம்?

தமிழ்நாட்டில் 2014 ஜூன் 28-ஐ நாம் மறக்க முடியாது. சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மாலை மழையில் விழுந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர் என்று தனித்தனிப் பதிவும் பொறுப்பும் இடம்பெற்றன. இங்கேயும் விதி உயிரிழப்புக்குப் பிறகுதான் வந்தது.

நம்ம சைட்டில் நடப்பது

இப்போது தம்பி தங்கைகளுக்கு நேராகச் சில வார்த்தைகள்.

ஏறக்குறைய ஒரு ஏக்கர் பரப்புள்ள கட்டட மனைக்கு நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று எனத் துளைபோட வேண்டும் என்பது 1979-இல் வந்த இந்தியத் தர நிர்ணயத்தின் வழிகாட்டுதலாக இருந்தது, நாம் படித்ததுதான். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை எடுப்பவர் ஒரு கூலி ஆள். வெயில், பசி, மேஸ்திரியின் அவசரம். நீங்கள் அங்கே நிற்காவிட்டால் 9 அடி 19 ஆவது சுலபம். அந்த ஒரு இலக்கத்தில்தான் கட்டடம் நிற்கிறது.

அடுத்தது தண்ணீர். மே மாதம் துளைபோட்டால் நிலத்தடி நீர் எங்கோ ஆழத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காலடிக்கே வந்துவிடும். "பரிசோதித்த அன்று இவ்வளவு" என்று மட்டும் எழுதினால் பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. பழைய வரைபடத்தில் அந்த சர்வே எண் ஏரியா, வாய்க்காலா என்று பாருங்கள். பக்கத்து டீக்கடைப் பெரியவரிடம் மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பார்ட்டி என்னிடம், "மூணு போர் போட்டாச்சு, போதும் சார். ரிப்போர்ட்ல மட்டும் அஞ்சுன்னு காட்டிடுங்க. மண்ணு எல்லா இடத்துலயும் ஒண்ணுதானே?" என்றார். மண் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் எனக்கு வேலையே இல்லையே! முடியாது என்றேன். கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே, "பரவால்ல சார், வேற ஆள் இருக்காங்க" என்று கிளம்பினார். அவர் வைத்திருந்த இன்னும் நான்கு மனைகளின் வேலையும் அதோடு போயிற்று. சின்ன ஆபீஸுக்கு அது சின்ன நஷ்டம் அல்ல.

அந்த 'வேற ஆள்' என்ற சொல்லைப் பற்றித்தான் ரொம்ப நாள் யோசித்தேன். ஒருவன் மட்டும் யோக்கியனாக இருப்பதால் அந்த மனையில் குடிவரப் போகிறவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுத்த தெருவில் கையெழுத்துக் கிடைக்கும் என்றால் என்னுடைய 'முடியாது'க்கு மதிப்பு என்ன? லைசென்ஸ் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். 'ஆகட்டும்' என்று சொல்வதற்கு லைசென்ஸே வேண்டாம்; அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். 'முடியாது' என்ற சொல்லுக்குப் பலம் வேண்டுமென்றால், கையெழுத்துப் போடும் உரிமை ஒரு சிலருக்கு மட்டும் இருக்க வேண்டும். அந்தச் சிலரும் ஒரே மாதிரி மறுக்க வேண்டும். மறுத்தவன் பட்டினி கிடக்காமல் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் முதல் பாதியைத்தான் செய்யும். மறுபாதி நம் கையில் இருக்கிறது.

முன்னாள் மாணவர் சங்கம் ஆண்டுக்கொரு முறை பிரியாணி சாப்பிடுவதற்கு மட்டும் அல்லவே! நம்மில் கட்டுமான நிறுவனம் நடத்துகிற அண்ணன்மார் இருக்கிறார்கள், அரசுத் துறையில் கோப்பு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வங்கியில் மதிப்பீட்டு ரிப்போர்ட்டை வாங்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வேண்டுகோள் இரண்டுதான். ஒன்று, ஒரு ஜூனியர் "இந்த மண் தாங்காது" என்று எழுதிக் கொடுத்தால், ஆளை மாற்றாதீர்கள், டிசைனை மாற்றுங்கள். இரண்டு, ஒருவர் மறுத்த வேலை உங்களிடம் வந்தால், அவருக்கு ஒரு போன் போட்டு ஏன் மறுத்தார் என்று கேளுங்கள். நம் சங்கத்து டைரக்டரியில் எல்லார் நம்பரும் இருக்கிறது.

படிக்கும் தம்பி தங்கைகளே, மண் இயக்கவியல் லேபில் கையில் சேறு ஒட்டுகிறது என்று முகம் சுளிக்காதீர்கள். நாளைக்கு அந்தச் சேற்றின் மேல்தான் முகம் தெரியாத ஒரு குடும்பம் பாய் விரித்துப் படுக்கும். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர்கள் இல்லை. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடுவது அவர்களுக்காகத்தான்.